வி. கிருஷ்ணசுவாமி ஐயர்

வி. கிருஷ்ணசுவாமி ஐயர் (ஜூன் 15, 1863 - டிசம்பர் 28, 1911) சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர், உயர் நீதிமன்ற நீதிபதி, காங்கிரசு மிதவாதத் தலைவர், கல்வி மற்றும் மருத்துவ நிறுவனங்களை ஏற்படுத்தியவர் ஆவார். 1906 ஆம் ஆண்டு ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானபோது, பணத்தை இழந்த வைப்பாளர்களின் தரப்பில் நின்று வாதாடினார். அந்த வீழ்ச்சியைத் தொடர்ந்து 1907 இல் இந்தியன் வங்கி தோன்றுவதற்கு முதன்மைக் காரணமாக இருந்தார். எட்டயபுரத்தில் பிறந்த கவிஞர் சுப்பிரமணிய பாரதியின் தேசியப் பாடல்கள் முதன்முதலாகச் சிறு நூலாக வெளிவரப் பொருளுதவி செய்தவரும் இவரே.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணசுவாமி ஐயர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள திருவிடைமருதூரில் பிறந்தார். தந்தை வெங்கடராம ஐயர் மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர். கிருஷ்ணசுவாமி தொடக்கக் கல்வியைச் சொந்த ஊரிலும், கல்லூரிக் கல்வியைக் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் சட்டம் பயின்று 1885 ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்து கொண்டார்.

வழக்கறிஞர் தொழில்

தொழிலின் தொடக்க ஆண்டுகளில் இவருக்கு வழக்குகள் அதிகம் வரவில்லை. நாளடைவில் இந்துச் சட்டம், சொத்துரிமை, அறக்கட்டளை வழக்குகளில் பெயர் பெற்றார். அக்காலத்தில் உயர் நீதிமன்றத்தின் மூலவழக்குப் பிரிவில் ஆங்கிலேய பாரிஸ்டர்களின் செல்வாக்கே மிகுந்திருந்தது. இந்திய வக்கீல்கள் மேல்முறையீட்டு வழக்குகளின் வழியாகவே முன்னேற வேண்டியிருந்தது. அவ்வாறு முன்னேறிய வக்கீல்களின் முதல் வரிசையில் இவர் இடம்பெற்றார்.

1891 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் லா ஜர்னல் என்னும் சட்ட இதழின் நிறுவனர்களுள் இவரும் பி. ஆர். சுந்தர ஐயரும் குறிப்பிடத்தக்கவர்கள். தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடுவதுடன் அவற்றை விமர்சித்தும் எழுதிய இவ்விதழ் தென்னிந்திய வழக்கறிஞர்களிடையே விரைவில் பரவியது. பிற்காலத்தில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய சி. பி. இராமசாமி ஐயர் இவரிடம் தொழில் பயின்றவர்.

சென்னையில் மயிலாப்பூரைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் பொதுவாழ்வில் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. இவர்கள் மயிலாப்பூர் குழுவினர் என அழைக்கப்பட்டனர். கிருஷ்ணசுவாமி ஐயர் அக்குழுவின் முக்கியத் தலைவர்களுள் ஒருவர்.

ஆர்பத்நாட் நிறுவனத்தின் வீழ்ச்சி

நிறுவனத்தின் அமைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையின் மிகப் பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களாகப் பாரி, பின்னி, ஆர்பத்நாட் ஆகிய மூன்றும் கருதப்பட்டன. ஆர்பத்நாட் நிறுவனம் ஏற்றுமதி, இறக்குமதி, முகவர் தொழில் ஆகியவற்றுடன் வங்கித் தொழிலையும் நடத்தியது. பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை பெற்று வட்டி வழங்கியது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர், கைம்பெண்கள், வழக்கறிஞர், நிலக்கிழார், அறநிலையங்கள் எனப் பலதரப்பட்டோர் தம் சேமிப்பை அங்கு வைத்திருந்தனர். வெள்ளையர் நிறுவனம், நூறாண்டுப் பழமை, அரசாங்கத்துடன் நெருக்கம் என்னும் மூன்றும் மக்களின் நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தன.

ஆயினும் சட்டப்படி பார்த்தால் ஆர்பத்நாட் ஒரு கம்பெனி அன்று. அது சில கூட்டாளிகளுக்குச் சொந்தமான கூட்டாண்மை நிறுவனம். 1882 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டப்படி, பத்துப் பேருக்கு மேற்பட்டோர் சேர்ந்து வங்கித் தொழில் நடத்தினால் மட்டுமே கம்பெனியாகப் பதிவு செய்ய வேண்டும். கூட்டாளிகள் அந்த எண்ணிக்கைக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. எனவே ஐந்தொகையை வெளியிட வேண்டிய கட்டாயமோ, வெளியார் தணிக்கையோ ஆர்பத்நாட் நிறுவனத்துக்கு இல்லை. வைப்பாளர் ஒருவர் அந்நிறுவனத்தின் உண்மையான நிலையை அறிந்துகொள்ள எந்த வழியும் இருக்கவில்லை.

இதனுடன் ஒப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1904 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டப்படி, சில நூறு ரூபாய் முதலுடைய கிராமச் சங்கத்தின் கணக்கையும் பதிவாளர் ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்வித்தாக வேண்டும். மாகாணத் தலைநகரில் பல ஆயிரம் பேரின் பணத்தை வைத்திருந்த நிறுவனத்துக்கு அத்தகைய தணிக்கை ஏதும் விதிக்கப்பட்டிருக்கவில்லை.

வீழ்ச்சி

ஆர்பத்நாட் நிறுவனத்தின் இலண்டன் அலுவல்களை பி. மக்ஃபேடியன் என்னும் தொடர்பு நிறுவனம் கவனித்து வந்தது. சென்னையில் திரட்டப்பட்ட வைப்புத்தொகையின் பெரும்பகுதி இலண்டன் வழியாக வெளிநாட்டு ஊக முதலீடுகளில் போடப்பட்டு இழக்கப்பட்டது. இழப்பு பெருகிய பின்னரும் புதிய வைப்புகள் பெறப்பட்டன. பழைய வைப்பாளர் கேட்கும் பணத்தைப் புதிய வைப்பாளரின் பணத்திலிருந்து கொடுத்து வந்ததால், வீழ்ச்சி வெளியே தெரியாமல் நீண்ட காலம் மறைந்திருந்தது.

1906 அக்டோபர் 20 அன்று பேட்ரிக் மக்ஃபேடியன் இலண்டனில் தற்கொலை செய்துகொண்டார். அக்டோபர் 22, திங்கட்கிழமை அன்று சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் கொடுப்பனவுகளை நிறுத்தியது. பல குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை ஒரே நாளில் இழந்தன. பின்னி நிறுவனமும் இதே காலத்தில் நெருக்கடிக்கு உள்ளாகி, பிறகு இஞ்ச்கேப் குழுமத்தின் கைக்கு மாறியது.

வழக்குகள்

இவ்வீழ்ச்சியைத் தொடர்ந்து எழுந்த நடவடிக்கைகள் இருவகைப்பட்டன. முதலாவது திவால் நடவடிக்கை. அப்போது சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கு 1848 ஆம் ஆண்டின் திவால் சட்டமே நடைமுறையில் இருந்தது. இதன்படி நிறுவனத்தின் சொத்துகளும் கூட்டாளிகளின் தனிச் சொத்துகளும் அஃபீஷியல் அசைனி எனப்படும் நீதிமன்ற அலுவலரின் பொறுப்பில் வந்தன. அவர் சொத்துகளை விற்று, கிடைத்த தொகையைக் கடனீந்தோருக்கு விகிதாசாரப்படி பங்கிட வேண்டும். கிடைத்த சொத்து கடனில் ஒரு பகுதிக்கே போதுமானதாக இருந்தது.

கிருஷ்ணசுவாமி ஐயர் இந்திய வைப்பாளர்களின் சார்பில் இந்நடவடிக்கைகளில் வாதாடினார். நிறுவனத்தின் கணக்குகள் முழுமையாக ஆராயப்பட வேண்டும் என்பதிலும், பொறுப்பானவர்கள் திவால் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுத் தப்பிவிடக் கூடாது என்பதிலும் உறுதியாக நின்றார். ஆட்சியாளர்களுடன் நெருங்கிப் பழகிய ஆங்கிலேய வணிகத் தலைவர்களுக்கு எதிராக ஓர் இந்திய வக்கீல் இவ்வாறு நின்றது அன்று பெரிதும் பேசப்பட்டது.

இரண்டாவது குற்றவியல் நடவடிக்கை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதல், நம்பிக்கை மோசடி ஆகிய குற்றங்கள் 1860 முதலே இருந்தன. கணக்குகளைப் பொய்யாக எழுதுவதைத் தனிக் குற்றமாக்கும் 477அ பிரிவு 1895 இல் சேர்க்கப்பட்டது. எனினும் அப்பிரிவு எழுத்தர், அலுவலர், பணியாளர் ஆகியோரையே குறிப்பிட்டது. ஊழியன் முதலாளியை ஏமாற்றுவதையே அக்காலச் சட்டம் முதன்மையாகக் கருதியது. முதலாளியே வைப்பாளரை ஏமாற்றும் நிலையை அது போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

நிறுவனத்தின் தலைமைக் கூட்டாளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் கைது செய்யப்பட்டு விசாரிக்கப்பட்டார். இவர் சென்னை வணிக உலகின் முன்னணி மனிதர். நைட் பட்டம் பெற்றவர். விசாரணையின் முடிவில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். உயர்ந்த நிலையிலிருந்த ஆங்கிலேயர் ஒருவர் இந்திய நீதிமன்றத்தால் பண மோசடிக்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டது மிக அரிதான நிகழ்வாகும். ஆயினும் தண்டனையால் வைப்பாளர்களுக்குப் பணம் திரும்பிவிடவில்லை. திவால் சொத்திலிருந்து கிடைத்த பங்குத்தொகை அவர்களின் இழப்பில் சிறு பகுதியையே ஈடு செய்தது.

இந்தியன் வங்கி

அக்காலச் சென்னையில் பெரிய வங்கி என்றால் அரசாங்கத் தொடர்புடைய மெட்ராஸ் வங்கியே. 1843 இல் தொடங்கப்பட்ட அவ்வங்கியின் நிர்வாகம் ஆங்கிலேயரிடம் இருந்தது. இந்தியர்களுக்குரியவையாக நிதி எனப்படும் சிறு சேமிப்பு நிறுவனங்களும் (1872 இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் போன்றவை), நாட்டுக்கோட்டைச் செட்டியார் முதலிய வட்டித் தொழில் செய்வோரின் கடைகளும் இருந்தன. 1904 இல் கும்பகோணம் வங்கியும், 1906 இல் உடுப்பியிலும் மங்களூரிலும் இரு வங்கிகளும் தோன்றியிருந்தன. ஆனால் மாகாணத் தலைநகரில் இந்தியர்களால் நடத்தப்படும் பெரிய கூட்டுப்பங்கு வங்கி ஒன்று இல்லை.

ஆர்பத்நாட் வீழ்ந்த சில வாரங்களுக்குள் கிருஷ்ணசுவாமி ஐயரும் அவருடைய நண்பர்களும் சென்னை மக்களுக்கு ஒரு வேண்டுகோளை வெளியிட்டனர். இந்தியர்களின் முதலையும் நிர்வாகத்தையும் கொண்ட வங்கி ஒன்று வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வமயம் மக்கள் எந்த வங்கியையும் நம்பத் தயங்கினர். இருப்பினும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தினரின் ஆதரவு கிடைத்ததால் முயற்சி வெற்றி பெற்றது. அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் இராமசாமி செட்டியார் இதில் முக்கியப் பங்கு வகித்தார்.

இந்தியன் வங்கி 1907 மார்ச் 5 அன்று கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட முதல் 20 இலட்சம் ரூபாய். 1907 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் பாரி கட்டடத்தில் வங்கி பணியைத் தொடங்கியது. ஆர்பத்நாட் நிறுவனத்துக்கும் இவ்வங்கிக்கும் அமைப்பில் அடிப்படை வேறுபாடு இருந்தது. இது பதிவு செய்யப்பட்ட கம்பெனி, பங்குதாரர்கள் உண்டு, இயக்குநர் குழு உண்டு, ஆண்டுக் கணக்கு பங்குதாரர் கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டும். ஒரு குடும்பப் பெயரின் மீது வைக்கும் நம்பிக்கைக்குப் பதிலாக, வெளிப்படையான கணக்கின் மீது நம்பிக்கை வைக்க இது வழி செய்தது.

கடற்கரைச் சாலையில் ஆர்பத்நாட் நிறுவனம் இருந்த இடத்திலேயே பின்னாளில் இந்தியன் வங்கியின் தலைமை அலுவலகம் பல ஆண்டுகள் இயங்கியது. 1932 இல் கொழும்பிலும் பின்னர் இரங்கூனிலும் கிளைகள் திறக்கப்பட்டன. 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளுள் இதுவும் ஒன்று. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இதனுடன் இணைக்கப்பட்டது.

அறநிலையக் கணக்குகள்

கணக்குக் காட்டும் பொறுப்பு வங்கிகளுக்கு மட்டும் உரியதென்று கிருஷ்ணசுவாமி ஐயர் கருதவில்லை. கோயில்கள், மடங்கள் ஆகியவற்றின் சொத்துகளைத் தர்மகர்த்தாக்களும் மகந்துகளும் தவறாகப் பயன்படுத்துவதை எதிர்த்து இவரும் டி. வி. சேஷகிரி ஐயர் முதலிய வழக்கறிஞர்களும் தர்ம ரட்சண சபை என்னும் அமைப்பை ஏற்படுத்தினர். முறைகேடு நடந்த அறநிலையங்களின் மீது வழக்குத் தொடர்ந்து, நிர்வாகத் திட்டம் ஒன்றை நீதிமன்றத்தின் மூலம் வகுக்கச் செய்வது இச்சபையின் வழிமுறை.

1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவு இத்தகைய வழக்குகளுக்கு இடமளித்தது. அதன்படி பொது அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர், அட்வகேட் ஜெனரலின் இசைவைப் பெற்று வழக்குத் தொடுக்கலாம். கணக்குக் காட்டுமாறும், தர்மகர்த்தாவை நீக்குமாறும் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனியே வழக்குத் தொடுப்பது செலவும் காலமும் மிகுந்த வேலையாக இருந்தது. இக்குறையே பின்னர் நீதிக்கட்சி ஆட்சியில் இந்து அறநிலையச் சட்டம் இயற்றப்படுவதற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

அரசியல்

கிருஷ்ணசுவாமி ஐயர் இந்திய தேசியக் காங்கிரசின் மிதவாதப் பிரிவைச் சேர்ந்தவர். கோபால கிருஷ்ண கோகலேயின் நண்பர். சட்டத்துக்கு உட்பட்ட கிளர்ச்சியாலும், நிறுவனங்களைக் கட்டி எழுப்புவதாலும் நாடு முன்னேறும் என்பது இவரது கொள்கை. சுதேசித் தொழில்களை ஆதரித்தார். ஆனால் தீவிரவாதப் பிரிவின் போராட்ட முறைகளை ஏற்கவில்லை. 1907 டிசம்பரில் சூரத் மாநாட்டில் காங்கிரசு பிளவுபட்டபோது மிதவாதிகளின் பக்கம் நின்றார். சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையிலும் சென்னைச் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார்.

கரிசல் நிலத்துடன் தொடர்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரம் மானாவாரிப் பருத்திக்குப் பெயர் பெற்றது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, பங்குனி, சித்திரை மாதங்களில் பருத்தி எடுப்பது வழக்கம். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் உழவர் கடனை நம்பியே வாழ வேண்டியிருந்தது. பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே ஏற்றுமதியானது. ஆலை, கப்பல், வங்கி ஆகிய மூன்றிலும் ஆங்கிலேய நிறுவனங்களின் ஆதிக்கமே இருந்தது. சென்னையில் ஆர்பத்நாட் வீழ்ச்சி எழுப்பிய கேள்வி, அதாவது இந்தியரின் பணமும் தொழிலும் யார் கையில் இருக்க வேண்டும் என்னும் கேள்வி, இவ்வட்டாரத்திலும் அதே ஆண்டில் வேறு வடிவில் எழுந்தது.

ஓட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்தார். ஆர்பத்நாட் நிறுவனம் கதவடைப்பதற்கு ஆறு நாட்களுக்கு முன் நிகழ்ந்தது இது. சங்கத்தின் முதல் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. சிறு வணிகரும் வாங்கத்தக்க பங்குகளைக் கொண்டு இந்தியர் முதலைத் திரட்டுவது இதன் நோக்கம். வ. உ. சி. தீவிரவாதப் பிரிவைச் சேர்ந்தவர். கிருஷ்ணசுவாமி ஐயர் மிதவாதி. சூரத் மாநாட்டில் இருவரும் எதிரெதிர் அணிகளைச் சார்ந்திருந்தனர். ஆயினும் பதிவு செய்யப்பட்ட கம்பெனி, பரவலான பங்குகள், இந்திய நிர்வாகம் என்னும் வழியை இருவருமே தேர்ந்தெடுத்தனர்.

இரு முயற்சிகளின் முடிவும் வேறுபட்டது. சுதேசி நாவாய்ச் சங்கம் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் கட்டணக் குறைப்பையும் அரசின் அடக்குமுறையையும் ஒருசேர எதிர்கொண்டது. வ. உ. சி. 1908 மார்ச்சில் கைது செய்யப்பட்டு, ஜூலையில் கடுந்தண்டனை பெற்றார். 1911 இல் சங்கம் கலைக்கப்பட்டது. அரசின் பகையைத் தேடிக்கொள்ளாத இந்தியன் வங்கி நிலைத்தது.

எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதிக்குக் கம்பெனி வீழ்ச்சி வீட்டளவில் அறிந்த துயரம். அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை ஒன்றை நிறுவிப் பொருளை இழந்தார். வறுமையுற்று 1898 இல் காலமானார். கரிசல் பருத்தியை உள்ளூரிலேயே தொழிலாக்கும் அம்முயற்சி தோற்றதை பாரதி பின்னாளில் தம் வாழ்க்கையைக் கூறும் பாடலில் பதிவு செய்துள்ளார்.

பாரதி சென்னையில் பத்திரிகையாசிரியராக இருந்தபோது, 1907 இல் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் அவரைக் கிருஷ்ணசுவாமி ஐயரிடம் அழைத்துச் சென்றார். பாரதி தம் தேசியப் பாடல்களைப் பாடிக் காட்டினார். அவற்றைக் கேட்டு உருகிய ஐயர், சில பாடல்களைத் தம் செலவிலேயே சுதேச கீதங்கள் என்னும் சிறு நூலாக அச்சிடச் செய்து, 15,000 படிகளை இலவசமாக வழங்கினார். பாரதி தம் இந்தியா பத்திரிகையில் மிதவாதிகளைக் கடுமையாகத் தாக்கி வந்தவர். கிருஷ்ணசுவாமி ஐயரும் அதற்கு விலக்கல்லர். அந்நிலையிலும் ஐயர் இவ்வுதவியைச் செய்தது தமிழிலக்கிய வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகக் கருதப்படுகிறது.

கரிசல் உழவரின் கடன் தேவையைச் சென்னையில் தோன்றிய ஒரு வங்கி உடனடியாகத் தீர்த்துவிடவில்லை. இவ்வட்டாரத்தின் வணிகர்களுக்குரிய வங்கி 1921 இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. 1962 இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பிற பொதுப்பணிகள்

கிருஷ்ணசுவாமி ஐயர் ஏற்படுத்திய அல்லது ஏற்படத் துணைநின்ற நிறுவனங்கள்:

* வெங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலை, மயிலாப்பூர் (1905) - ஏழைகளுக்கு இலவச மருத்துவம் அளிக்கவும் ஆயுர்வேதக் கல்வியை வளர்க்கவும் தோன்றியது.
* சென்னை சமசுகிருதக் கல்லூரி, மயிலாப்பூர் (1906) - இதன் முதல் முதல்வராகக் குப்புசாமி சாஸ்திரி பணியாற்றினார்.
* ரானடே நூலகம், மயிலாப்பூர் - மகாதேவ கோவிந்த ரானடேயின் நினைவாக அமைக்கப்பட்டது.
* இந்தியன் வங்கி (1907).

நீதிபதியாகவும் நிர்வாக சபை உறுப்பினராகவும்

1909 இல் கிருஷ்ணசுவாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். தீவிரவாதப் பிரிவினர் இதனை விமர்சித்தனர். இவர் நீதிபதியாக இருந்த காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. 1911 இல் சென்னை ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினரானார். பொப்பிலி அரசருக்கு அடுத்து அப்பதவியைப் பெற்ற இரண்டாவது இந்தியர் இவராவார்.

மறைவு

பதவியேற்ற சில மாதங்களிலேயே உடல்நலம் குன்றி, 1911 டிசம்பர் 28 அன்று தமது 48 ஆம் வயதில் காலமானார்.

ஆர்பத்நாட் வீழ்ச்சிக்குப் பிந்திய சட்டங்கள்

கிருஷ்ணசுவாமி ஐயர் வாழ்ந்த காலத்திலேயே, 1909 இல், மாகாணத் தலைநகரத் திவால் சட்டம் இயற்றப்பட்டு 1848 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. புதிய சட்டத்தின்படி திவாலானவரை நீதிமன்றத்தில் பொது விசாரணைக்கு உட்படுத்தலாம். முந்திய மூன்றாண்டுகளில் முறையான கணக்கேடுகளை வைத்திராதவருக்குக் கடனிலிருந்து முழு விடுதலை மறுக்கப்படலாம். கணக்கேடுகளை அழிப்பதும் பொய்யாக எழுதுவதும் தண்டனைக்குரிய குற்றங்களாயின. ஆர்பத்நாட் வழக்கில் வைப்பாளர்கள் எதிர்கொண்ட சிக்கல்களுள் சிலவற்றுக்கு இப்பிரிவுகள் விடை கூறின.

1913 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம் கம்பெனிகளுக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கி, தணிக்கையாளருக்குத் தகுதியையும் வரையறுத்தது. அதே ஆண்டிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் நாட்டின் பல பகுதிகளில் வங்கிகள் தொடர்ந்து வீழ்ந்தன. 1935 இல் இந்திய ரிசர்வ் வங்கி பணியைத் தொடங்கியது. 1936 இல் கம்பெனிச் சட்டத்தில் வங்கிகளுக்கெனத் தனி விதிகள் சேர்க்கப்பட்டன. அவை போதாமற்போனதை 1938 இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியின் வீழ்ச்சி காட்டியது. 1949 ஆம் ஆண்டில் வங்கிக் கம்பெனிகள் சட்டமும் பட்டயக் கணக்கறிஞர் சட்டமும் இயற்றப்பட்டன. 1960 இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பின், 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு வைப்பாளருக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு இருந்தது. 2020 இல் இது 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆர்பத்நாட் வைப்பாளர்களுக்கு இத்தகைய பாதுகாப்பு எதுவும் இருந்திருக்கவில்லை.

தணிக்கை கட்டாயமான பின்னரும் கணக்கு மோசடிகள் நின்றுவிடவில்லை. 2009 ஜனவரியில் ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பல ஆண்டுகளாகப் பொய்க் கணக்கு எழுதப்பட்டது வெளிவந்தது. அது பதிவு செய்யப்பட்ட கம்பெனி; புகழ்பெற்ற தணிக்கையாளரும் இருந்தனர். ஆர்பத்நாட் வழக்கில் தணிக்கையே இல்லை. சத்யம் வழக்கில் தணிக்கை இருந்தும் பயன்படவில்லை. இதன் பிறகு இயற்றப்பட்ட 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், தணிக்கையாளரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றவும், பங்குதாரரும் வைப்பாளரும் கூட்டாக வழக்குத் தொடுக்கவும் வகை செய்தது. தணிக்கையாளரைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018 இல் அமைந்தது. பாதிக்கப்பட்ட வைப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து நீதி கேட்கும் வழி 1906 இல் சட்டத்தில் தெளிவாக இல்லாதபோது, அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் என்ற வகையில் கிருஷ்ணசுவாமி ஐயரின் பணி நினைவுகூரத்தக்கது.

நினைவு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தின் முன் இவருக்குச் சிலை அமைக்கப்பட்டுள்ளது. இவருடைய மகன்களுள் கே. பாலசுப்பிரமணிய ஐயர் வழக்கறிஞராகவும் கே. சந்திரசேகரன் எழுத்தாளராகவும் விளங்கினர். சந்திரசேகரன் தம் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியுள்ளார். சமசுகிருதக் கல்லூரியும் இந்தியன் வங்கியும் ஒரு நூற்றாண்டைக் கடந்து இயங்கி வருகின்றன.